பிறவியில் வளைந்த பாதம்

ஒரு வீட்டிற் குழந்தை பிறந்துவிட்டால் அவ்வீட்டின் மூத்தவர்கள் முதலிற் செய்யும் காரியம் ஒன்றுண்டு. துணியை மெல்ல விலக்கிக் கைவிரல்களை எண்ணுவார்கள், கால்விரல்களை எண்ணுவார்கள், மூக்கையும் செவியையும் பார்த்து, இது தந்தையின் சாயல், இது பாட்டனாரின் சாயல் என்று மகிழ்வார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தும் சில வீடுகளில் அம்மகிழ்ச்சி இடையிலே தடைப்பட்டுவிடுகிறது. குழந்தையின் பாதம் நேராக இல்லை. உள்ளங்கால் கீழ்நோக்கியிராமல் மற்றக் காலை நோக்கித் திரும்பியிருக்கிறது. குதிக்கால் மேலே ஏறியிருக்கிறது. பாதத்தின் முற்பகுதி உட்புறமாக மடிந்திருக்கிறது. பாட்டி ஒன்றும் பேசாமல் துணியை மறுபடியும் மூடுகிறாள். கட்டிலிற் கிடக்கும் தாய் அந்த மௌனத்தைக் கண்டு, "என்ன அம்மா?" என்று கேட்கிறாள்.

அக்கேள்விக்குத் தைரியமாகச் சொல்லத்தக்க விடை இன்று உண்டு. இவ்வாறு வளைந்து பிறந்த பாதத்தை, பெரிய சத்திரசிகிச்சை எதுவுமின்றி, பெரும்பாலும் நேராக்கிவிடலாம் என்பதே அவ்விடை. ஆனால் அதனோடு சேர்த்துச் சொல்லவேண்டிய வேறொரு செய்தியும் உண்டு. பாதத்தை நேராக்குவது வைத்தியரின் கை. நேராக்கிய பாதத்தை நேராகவே வைத்திருப்பது பெற்றோரின் கை. முதலாவது வேலை சில வாரங்களில் முடிந்துவிடும். இரண்டாவது வேலை நான்கு, ஐந்து ஆண்டுகள் நீடிக்கும். இவ்விரண்டாவது வேலையைப் பற்றி அறியாமையினாலேயே நன்றாகத் திருந்திய பாதங்கள் பல மறுபடியும் கோணிப்போகின்றன.

இக்குறையை வளைபாதம் என்றும் கோணற்பாதம் என்றும் கூறுவர். உலகெங்கும் ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளுக்கு ஒன்று என்ற அளவில் இது காணப்படுகிறது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு இருமடங்காக வருகிறது. இக்குறையுடைய குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இரண்டு பாதங்களும் வளைந்திருக்கும். மற்றப்படி இக்குழந்தைகளிற் பெரும்பாலானவை முழுச் சுகத்துடன் பிறந்தவையே. சிலவற்றுக்கு மாத்திரம் முதுகெலும்பிலோ வேறு மூட்டுகளிலோ குறை சேர்ந்திருக்கக் கூடுமாதலால், வைத்தியர் குழந்தையின் இடுப்பு மூட்டையும் முதுகையும் ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொள்வார்.

வளைந்து தோன்றும் பாதங்களெல்லாம் வளைபாதங்கள் அல்ல என்பதையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். கருப்பையில் இடநெருக்கடியால் மடங்கிக்கிடந்த பாதமும் பிறந்தவுடன் கோணலாகவே தோன்றும். ஆனால் அது மென்மையானது. விரலால் மெதுவாகத் தள்ளினால் நேராக வந்துவிடும். சில வாரங்களில் பெரும்பாலும் தானாகவே திருந்திவிடும். உண்மையான வளைபாதம் அவ்வாறு வராது. அது விறைத்து நிற்கும். குதிக்காலுக்கு மேலே தோலில் ஆழமான மடிப்பொன்று காணப்படும். கெண்டைக்கால் மற்றக் காலைவிடச் சற்று மெலிந்திருக்கும். இது இன்னது, அது அன்னது என்று பிரித்தறிவது வைத்தியரின் கடமையேயன்றி, அயலவரின் கடமையன்று.

எங்கள் நாட்டிலே குழந்தையைக் குளிப்பாட்டும் பாட்டிமாரின் கைப்பழக்கத்தை அறியாதார் இல்லை. நல்லெண்ணெய் பூசி, கால்களை நீட்டி அமர்ந்து, குழந்தையை மடியிற் கிடத்தி, மூக்கை நீவி, தலையை உருட்டி, கைகால்களை நீட்டி மடக்கிக் குளிப்பாட்டுவார்கள். அக்கைகளின் அன்பிற் குறையில்லை. எனினும் உண்மையான வளைபாதம் எண்ணெய் பூசி நீவுவதனால் நேராகிவிடாது. "நான் நீவி எடுத்துவிடுவேன், வைத்தியசாலைக்கு ஏன் கொண்டுபோகிறீர்கள்?" என்ற சொல் எத்தனையோ பிள்ளைகளின் பொன்னான முதல் மாதங்களை விழுங்கியிருக்கிறது.

இனி, அந்தத் தாயின் உள்ளத்தில் எழும் வினாவுக்கு வருவோம். "நான் என்ன பிழை செய்தேன்?" என்பதே அது. கிரகண வேளையில் வெளியே வந்தாயா, கத்தி எடுத்து ஏதேனும் வெட்டினாயா, காலை மடித்துப் படுத்தாயா என்று சுற்றத்தார் கேட்கும் கேள்விகள் அவளுடைய துயரத்தை இருமடங்காக்குகின்றன. இக்கேள்விகளுள் ஒன்றுக்கேனும் வைத்திய சாஸ்திரத்தில் ஆதாரம் இல்லை. கிரகணம் ஓர் ஊரின் மேல் வருகிறது; அவ்வூரிலுள்ள கர்ப்பிணிகள் அனைவருக்கும் பொதுவாக வருகிறது. ஆனால் குழந்தையின் பாதம் கிரகணம் தோன்றும் ஊரிலும் வளைகிறது. தோன்றாத ஊரிலும் வளைகிறது. இவ்வித நம்பிக்கையே இல்லாத நாடுகளிலும் அதே கணக்கில் வளைகிறது.

காரணந்தான் யாது? முழுமையான காரணம் ஒன்றைச் சுட்டிக்காட்ட இயலாவிடினும், பரம்பரைக் கூறு ஒன்று இதில் உண்டென்பது தெளிவு. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருள் ஒருவருக்கு இக்குறை இருந்தால் மற்றவருக்கும் இருப்பது ஏறக்குறைய மூன்றில் ஒன்று. வெவ்வேறு கருவில் தோன்றிய இரட்டையரிடத்தில் அது நூற்றுக்கு மூன்றளவே. ஆகவே பரம்பரைக்கும் பங்குண்டு. பரம்பரை மாத்திரமே காரணமும் அன்று. கர்ப்பகாலத்திற் புகைபிடித்தல் இக்குறைக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது என்றும் கண்டிருக்கிறார்கள். கருவின் நடுமாதங்களில், கணுக்காலின் பின்புறத்திலும் உட்புறத்திலும் உள்ள நார்கள் குறுகித் தடித்துப் பாதத்தை உள்ளே இழுத்துவிடுகின்றன. இருபதாம் வாரமளவில் எடுக்கப்படும் ஸ்கேன் பரிசோதனையில் இது சிலவேளைகளிற் புலப்படுவதும் உண்டு. இதில் தாய் செய்த பிழை என்று ஒன்றில்லை. இதனைக் கணவன்மாரும் மாமிமாரும் முதலில் மனங்கொள்ளுதல் நன்று.

பாதத்தை அப்படியே விட்டுவிட்டால் நேர்வது யாது? வளைபாதம் குழந்தைக்கு நோவைத் தருவதன்று. படுத்திருக்கும் வரையில் குழந்தை சிரித்து விளையாடும். தவழும் வரையிலும் குறை பெரிதாகத் தோன்றாது. அதனாலேயே பெற்றோர் நாளை பார்க்கலாம் என்று நாட்களைக் கடத்துகிறார்கள். ஆனால் பிள்ளை எழுந்து நடக்கத் தொடங்கியதும் உள்ளங்காலால் அன்றிப் பாதத்தின் வெளி விளிம்பாலும், சிலவேளை புறங்காலாலும் நிலத்தை மிதிக்கும். அவ்விடம் காய்த்துப் புண்ணாகும். சப்பாத்து அணிய முடியாது. ஓட முடியாது. தூரம் நடந்தால் நோவு. வயல் வேலையோ கடல் வேலையோ செய்து பிழைக்கவேண்டிய குடும்பத்திலே அக்கால் ஒருவனுடைய சீவனோபாயத்தையே தடுத்துவிடும்.

பாடசாலையிலே நிகழ்வதும் எளிதன்று. ஊரார் ஒரு பிள்ளைக்கு இட்ட பட்டப்பெயர் வரவு இடாப்பில் எழுதப்படுவதில்லை. ஆனால் விளையாட்டு மைதானத்தில் அப்பெயரே ஒலிக்கும். மற்றப் பிள்ளைகள் ஓடும்போது மரநிழலிலிருந்து அவர்களுடைய புத்தகப் பைகளைக் காத்துக்கொண்டிருக்கும் பிள்ளையை எந்த ஆசிரியரும் தம் வாழ்நாளிற் கண்டிருப்பார். அவ்வாறு இருந்த பிள்ளைகளிற் சிலரேனும், பிறந்த மாதத்திலேயே உரிய சிகிச்சை பெற்றிருந்தால் ஓடியிருப்பார்கள். இதுவே இப்பொருளில் மனத்தைத் தைப்பது.

இக்குறை மனித குலத்துக்குப் புதியதன்று. ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்னர் கிரேக்க தேசத்திலே வாழ்ந்த வைத்தியப் பெருந்தகை ஹிப்போக்கிரற்றிஸ் மரபினர் இதைப் பற்றி எழுதியிருக்கின்றனர். பிறந்த உடனேயே தொடங்குக, கையால் மெல்லத் திருத்துக, திருத்திய நிலையிலே துணியாற் கட்டுக என்பதே அவர்கள் கூறியதன் சாரம். பின்வந்த நூற்றாண்டுகளில் அந்த மென்மை மறைந்து வன்மை தலையெடுத்தது. இரும்புக் கவசங்களும் மரப்பொறிகளும் திருகாணிகளும் தோன்றின. ஆங்கிலக் கவிஞர் பைரன் பிறவியிலேயே கால் ஊனமுற்றவர். அவ்வூனம் எவ்வகையினது என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒருமைப்பட்டாரல்லர். ஆயினும், சிறுவயதிலே நொற்றிங்காம் நகரில் ஒரு போலி வைத்தியன் அவர் பாதத்தை மரப்பொறியில் இட்டு முறுக்கி வதைத்தான் என்பதை அவர்கள் பதிந்திருக்கின்றனர். முறுக்கிய பொறியாற் பாதம் திருந்தவில்லை.

இருபதாம் நூற்றாண்டிலே மயக்க மருந்தும் நுண்ணிய ஆயுதங்களும் கைவந்தபோது, சத்திரசிகிச்சையே சிறந்த வழியென்று எண்ணினர். குறுகிய நார்களை வெட்டினர், மூட்டுகளைத் திறந்தனர், எலும்புகளை வரிசைப்படுத்தி ஊசிகளால் நிறுத்தினர். பாதம் பார்வைக்கு நேரானது. ஆனால் அப்பிள்ளைகள் வளர்ந்து நடுவயதை அடைந்தபோது அப்பாதங்களிற் பல விறைத்தன, பலங்குன்றின, நோவெடுத்தன. வெட்டிய இடங்களெல்லாம் தழும்பாக இறுகியமையே காரணம்.

இந்தப் போக்கினின்றும் வைத்திய உலகைத் திருப்பிய மனிதர் இக்னாசியோ பொன்செற்றி என்பவர். அவர் 1914 ஆம் ஆண்டில் ஸ்பானியா தேசத்துக்குரிய மெனோர்க்காத் தீவிலே பிறந்தார். அவர் தந்தையார் கடிகாரம் திருத்துபவர். சிறு சக்கரங்களையும் சுருள்களையும் பொறுமையோடு கையாளும் பழக்கம் இளமையிலேயே அவருக்கு வாய்த்தது. பார்சலோனாவில் வைத்தியம் கற்றுத் தேர்ந்த 1936 ஆம் ஆண்டிலேயே ஸ்பானிய உள்நாட்டுப் போர் மூண்டது. குடியரசுப் படையிலே வைத்தியராகச் சேர்ந்து, குண்டடிபட்டவர்களின் முறிந்த எலும்புகளைப் பொருத்துவதிலே அவர் காலம் கழிந்தது. 1939 இல் அப்படை தோல்வியுற்றபோது, காயப்பட்டவர்களைக் கோவேறு கழுதைகளில் ஏற்றி, மலைவழி அறிந்த உள்ளூர்க் கள்ளக் கடத்தற்காரரின் துணையோடு பிரனீஸ் மலைகளைக் கடந்து பிரான்சை அடைந்தார். அங்கிருந்து மெக்சிக்கோ சென்று ஒரு சிற்றூரில் வைத்தியம் செய்தார். 1941 இல் ஐக்கிய அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தார்.

அங்கே அவருக்கு ஒரு வேலை தரப்பட்டது. முன்னைய ஆண்டுகளிலே வளைபாதத்துக்குச் சத்திரசிகிச்சை பெற்றவர்களை மறுபடி அழைத்துப் பரிசோதித்தல் என்பதே அது. வந்தவர்களின் பாதங்கள் விறைத்தும் நோவுற்றும் இருந்ததை அவர் கண்டார். வெட்டுவது வழியன்று என்ற எண்ணம் அவருக்கு அப்போதே தோன்றியது. பாதத்தின் எலும்புகள் ஒன்றோடொன்று எவ்வாறு அசைகின்றன என்பதை அவர் ஆராய்ந்தார். குழந்தையின் பாதத்தில் எலும்பு இன்னும் முதிராத குருத்தாக இருப்பதையும், குறுகிய நார்கள் நுண்ணிய அலைகளாக மடிந்திருப்பதையும் அறிந்தார். அந்நாரை மெல்ல இழுத்தால் அலைமடிப்பு விரியும். சில நாட்கள் அந்நிலையிலே வைத்திருந்தால் மறுபடியும் மடிப்புகள் உண்டாகும். பின்னர் இன்னுஞ் சிறிது இழுக்கலாம். அறுக்கவேண்டிய தேவையில்லை. வாரந்தோறும் சிறிது சிறிதாக என்னும் முறையின் அடிப்படை இதுவே.

1940 களின் பிற்பகுதியில் அவர் தொடங்கிய அம்முறையை இன்று பொன்செற்றி முறை என்கிறோம். அது நடைபெறும் விதத்தை ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருத்தல் நலம்.

பிறந்து ஓரிரு வாரங்களில் சிகிச்சையைத் தொடங்கலாம். தாய் பாலூட்டிக் குழந்தையை அமைதிப்படுத்துவாள். வைத்தியர் கணுக்காலின் வெளிப்புறத்தில் தட்டுப்படும் ஓர் எலும்பின் முனையைப் பெருவிரலால் தாங்கிக்கொண்டு, பாதத்தை மெல்ல வெளிப்புறமாகத் திருப்புவார். குதிக்காலை அவர் பிடிப்பதில்லை. அதைப் பிடித்தால் அது சுழன்று நேராவதற்கு இடமிராது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடங்கள் இவ்வாறு நீட்டிய பின், பெற்ற திருத்தம் குலையாதபடி பாரிஸ் சாந்தினாற் கட்டுப்போடுவார். கட்டு விரல் நுனியிலிருந்து தொடை வரைக்கும் இருக்கும், முழங்கால் மடிந்திருக்கும். பாதத்தை மாத்திரம் கட்டினாற் போதாதோ என்று சிலர் கேட்பர். தொடைவரை கட்டாவிடிற் பாதம் திரும்பாது நில்லாது; கட்டும் கழன்றுவிடும்.

ஒரு வாரம் கழித்து அக்கட்டை அகற்றி, இன்னுஞ் சிறிது திருத்தி, புதிய கட்டுப் போடுவார்கள். ஐந்து அல்லது ஆறு கட்டுகளிற் பாதத்தின் வளைவுகள் ஒவ்வொன்றாக நீங்கும். கடைசியில் எஞ்சி நிற்பது குதிக்காலின் ஏற்றமே. பத்தில் எட்டு ஒன்பது குழந்தைகளுக்கு, குதிக்காலின் பின்னுள்ள நாணை மாத்திரம் சிறு கத்தியினால் துண்டித்துவிடுவார்கள். அவ்விடம் மரத்துப்போக ஊசியிட்டுச் செய்யும் சில நிமிட வேலை இது. அதன்மேல் மூன்று வாரங்களுக்குக் கடைசிக் கட்டு. அம்மூன்று வாரங்களில் அந்நாண் சற்று நீளமாக வளர்ந்து தானே பொருந்திவிடும். இரண்டு மாதத்துக்கு முன் தாயைக் கலங்கச் செய்த பாதம் அப்போது நேராக, மென்மையாக, மற்றக் குழந்தைகளின் பாதத்தைப் போலவே காணப்படும்.

கட்டுள்ள காலத்திலே தாய் கவனிக்கவேண்டியவை சில. கட்டு நனையக்கூடாது, ஆகையால் குழந்தையைக் குளிப்பாட்டாது ஈரத்துணியால் துடைத்துவிடல் வேண்டும். விரல்களை நாளில் பலமுறை பார்த்தல் வேண்டும். விரலை அழுத்தினால் வெளுத்து, விட்டவுடன் சிவந்தால் இரத்தவோட்டம் நன்று. விரல்கள் கறுத்தாலும், வீங்கினாலும், குளிர்ந்தாலும், கட்டினுள்ளே மறைந்துபோனாலும், அடுத்த தவணை வரையிற் காத்திராது உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

பொன்செற்றி தம் முறையின் பெறுபேறுகளை 1963 இல் வைத்தியச் சஞ்சிகை ஒன்றில் வெளியிட்டார். உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. கத்தியின் வேகம் கண்ணுக்குத் தெரிவது. கையின் பொறுமை தெரியாதது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் தம் இடத்திலே அமைதியாகத் தம் வேலையைச் செய்துகொண்டிருந்தார். 1995 இல், அவருடைய சிகிச்சையைக் குழந்தைப்பருவத்திலே பெற்ற 45 பேரை, சராசரி 34 வயதான காலத்தில் மீண்டும் பரிசோதித்த முடிவு வெளிவந்தது. அவர்களுள் நூற்றுக்கு 78 பேரின் பாதங்கள் நன்றாக அல்லது மிக நன்றாக இயங்கின. எந்தப் பாதக்குறையுமின்றிப் பிறந்து அதே வயதினரானவர்களிடத்தில் அத்தொகை நூற்றுக்கு 85. குறையுடன் பிறந்தவர்களுக்கும் குறையின்றிப் பிறந்தவர்களுக்கும் இடையேயுள்ள வேறுபாடு அவ்வளவுதான்.

அதன் பின்னரே பெற்றோர் ஒருவருக்கொருவர் இச்செய்தியைப் பரப்பினர். வைத்தியர்கள் அயோவாவுக்குச் சென்று கற்றனர். 1984 இல் ஓய்வுபெற்ற பொன்செற்றி மறுபடியும் பணிக்குத் திரும்பி, 2009 இல் தமது 95 ஆம் வயதில் இறக்கும் வரையிற் குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்தும் பிறருக்குக் கற்பித்தும் வந்தார். அவர் பிறந்த யூன் மாதம் 3 ஆந் திகதி இன்று உலக வளைபாத தினமாக நினைவுகூரப்படுகிறது.

இம்முறை செல்வ நாடுகளுக்கே உரியதோ என்று ஐயுறவேண்டாம். ஆபிரிக்காவிலுள்ள உகண்டா தேசத்தில் 1999 இல் இம்முறை தொடங்கிற்று. அங்கே எலும்பியல் வைத்திய நிபுணர் மிகச் சிலரே. ஆகவே பயிற்சி பெற்ற உதவி வைத்தியர்களே கட்டுகளைப் போட்டனர். மிக்கியேல் ஸ்ரீன்பீக் என்பவர், உள்ளூரிற் கிடைக்கும் தோல், பலகை, இரும்பு ஆகியவற்றைக்கொண்டு உள்ளூர்த் தொழிலாளரே செய்யத்தக்க சப்பாத்தொன்றை அமைத்துக்கொடுத்தார். பாரிஸ் சாந்தும், பயின்ற கையும், ஒரு சோடிச் சப்பாத்தும் இருந்தால் வறிய நாட்டுக் குழந்தையும் நேராக நடக்கலாம் என்பது அங்கே மெய்ப்பிக்கப்பட்டது.

அந்தச் சப்பாத்தைப் பற்றியே இனிக் கூறவேண்டும். ஏனெனில் இச்சிகிச்சையின் உயிர்நிலை அதிலேயே இருக்கிறது.

கடைசிக் கட்டை அகற்றிய அன்றே குழந்தைக்கு ஒரு கருவி பூட்டப்படும். இரண்டு சிறிய சப்பாத்துகளை, குழந்தையின் தோள் அகலமுள்ள ஒரு சட்டத்தின் இரு முனைகளிலும் வெளிநோக்கித் திருப்பிப் பொருத்தியிருப்பார்கள். வளைந்திருந்த பாதம் ஏறக்குறைய 70 பாகை வெளியே திரும்பியிருக்கும். வளையாத பாதம் 40 பாகையளவு. முதல் மூன்று மாதங்களுக்கு நாளொன்றில் 23 மணித்தியாலம் இதனை அணிவிக்கவேண்டும். பின்னர் இரவிலும் பகலுறக்கத்திலும் மாத்திரம், நான்கு அல்லது ஐந்து வயது வரைக்கும் அணிவிக்கவேண்டும்.

பெற்றோர் தளர்ந்துபோகும் இடம் இதுவே. பாதம் நேராகிவிட்டது, கண்ணாலே காண்கிறார்கள். இனி இந்தச் சட்டம் எதற்கு என்று மனம் சொல்கிறது. முதல் இரண்டு மூன்று இரவுகள் குழந்தை அழுகிறது. ஒரு காலை மாத்திரம் உதைக்க முனைந்து முடியாமற் சிணுங்குகிறது. பிள்ளை பார்க்க வந்தவர்கள், "ஐயோ பாவம், விலங்கு பூட்டியது போலல்லவா இருக்கிறது!" என்கிறார்கள். பாட்டியின் மனம் பொறுப்பதில்லை. "ஓரிரவு கழற்றிவிட்டால் என்ன குறைந்துவிடும்?" என்று கழற்றிவிடுகிறாள். ஓரிரவு இரண்டிரவாகிறது, இரண்டிரவு ஒரு வாரமாகிறது. பின்னர் பூட்டப் பார்த்தால் பாதம் சப்பாத்தினுள் இறங்க மறுக்கிறது. இறங்க மறுப்பதனாற் குழந்தை இன்னும் அழுகிறது. கருவி பெட்டிக்குள்ளே போய்விடுகிறது. சில மாதங்களிற் குதிக்கால் மறுபடி மேலேறத் தொடங்குகிறது.

இதற்குக் காரணம் உண்டு. பாதத்தை உள்ளிழுத்த நார்களின் இயல்பு கட்டினால் மாறிவிடுவதில்லை. குழந்தை விரைந்து வளரும் முதல் நான்கைந்து ஆண்டுகளிலும் அவ்விழுப்பு உயிரோடு இருக்கிறது. உறங்கும் நேரத்தில் அது தன் வேலையைத் தொடங்கும். சட்டச் சப்பாத்து அதனைத் தடுத்து நிற்கும் காவல். அயோவா வைத்தியர்களின் கணக்கு இதனை ஐயத்துக்கிடமின்றிக் காட்டுகிறது. ஒழுங்காக அணிவித்த குடும்பங்களில் நூற்றுக்கு ஆறு குழந்தைகளுக்கே குறை திரும்பிவந்தது. ஒழுங்காக அணிவியாத குடும்பங்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல். வைத்தியரும் ஒருவரே, சாந்தும் ஒன்றே, முறையும் ஒன்றே. வேறுபட்டது வீடு மாத்திரமே.

ஆகவே அந்த முதல் இரவுகளிலே தாய்க்குத் துணை வேண்டும். குழந்தையின் இரு கால்களையும் சேர்த்து மடக்கி நீட்டி விளையாட்டுக் காட்டினால், இரண்டையும் ஒன்றாக உதைக்க அது விரைவிற் பழகிக்கொள்ளும். பருத்திக் காலுறை இட்டு, குதிக்கால் சப்பாத்தின் அடியிற் படியும்படி அமர்த்தி, வாரை இறுக்கிப் பூட்டவேண்டும். தொளதொளத்த சப்பாத்தே தோலை உரசிப் புண்ணாக்கும். கொப்புளம் தோன்றினாற் கருவியைக் கைவிடாது வைத்தியரிடம் காட்டவேண்டும். உறங்கப்போகும்போது சப்பாத்துப் பூட்டுவதை, பல் துலக்குவது போல நாளாந்த வழக்கமாக்கிவிட்டாற் பிள்ளையும் எதிர்ப்பதில்லை. தந்தையர் இரவிலே அதனைப் பூட்டும் பொறுப்பைத் தாம் ஏற்றால், அது மனைவிக்குச் செய்யும் உதவி மாத்திரமன்று; பிள்ளைக்கு வைக்கும் முதுசொம்மும் ஆகும்.

எவ்வளவு முயன்றும் சில பிள்ளைகளுக்குக் குறை திரும்புவதுண்டு. அதற்காக வெட்கப்பட்டு வைத்தியசாலைக்குச் செல்லாது விடுதல் தவறு. மறுபடியும் சில கட்டுகளாற் பெரும்பாலும் திருத்திவிடலாம். இரண்டரை வயதுக்கு மேற்பட்ட சில பிள்ளைகளுக்கு, பாதத்தை உள்ளே இழுக்கும் ஒரு தசைநாணை இடம் மாற்றிப் பொருத்தும் சத்திரசிகிச்சை தேவைப்படலாம். பிறந்த மாதத்தைத் தவறவிட்டவர்களும் இனிப் பயனில்லை என்று எண்ணவேண்டாம். நடக்கத் தொடங்கிய பிள்ளைகளுக்கும் இம்முறை பயன் தந்திருக்கிறது. முந்துவது மிக நன்று. பிந்தினும் செல்லாதிருப்பதைவிடச் செல்வது நன்று.

இலங்கையிலே இதற்கு வாய்ப்புகள் இல்லாமலில்லை. ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் இன்று வைத்தியசாலைகளிலேயே பிறக்கின்றன. பிறந்த குழந்தையை வீடு அனுப்புவதன் முன் வைத்தியர் பரிசோதிக்கிறார். வீடு வந்தபின் குடும்பநல மருத்துவமாது தேடிவந்து பார்க்கிறார். அரசாங்க வைத்தியசாலைகளிற் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. பாதத்தில் ஐயம் தோன்றினால் அம்மருத்துவமாதிடம் ஒரு சொல் சொன்னாற் போதும். எந்த வைத்தியசாலையின் எலும்பியற் பிரிவுக்குச் செல்லவேண்டும் என்பதை அவர் காட்டுவார். கிராமத்திலிருந்து வாரந்தோறும் பஸ்ஸேறி நகர வைத்தியசாலைக்குச் செல்வது கூலித்தொழில் செய்யும் குடும்பத்துக்குப் பெரும் பாரம் என்பது உண்மையே. அந்தப் பாரத்தை அயலும் சுற்றமும் பகிரவேண்டும். மூத்த பிள்ளையை ஒரு நாள் பார்த்துக்கொள்வதும், பஸ் செலவுக்குக் கைகொடுப்பதும், கிரகணத்தைப் பற்றிக் கேள்வி கேட்பதைவிட எவ்வளவோ மேலான உறவு.

1992 ஆம் ஆண்டு குளிர்கால ஒலிம்பிக் விழாவிலே, பனிக்கட்டியின் மேல் சறுக்கி நடனமாடும் போட்டியில் தங்கப் பதக்கம் பெற்றவர் கிறிஸ்ரி யமகுச்சி என்னும் அமெரிக்கப் பெண்மணி. அவர் வளைபாதத்துடன் பிறந்தவர். குழந்தைப்பருவத்தில் சாந்துக்கட்டும் திருத்தச் சப்பாத்தும் அணிந்தவர். எல்லாப் பிள்ளைகளும் பதக்கம் பெறப்போவதில்லை. பெறவேண்டிய அவசியமும் இல்லை. தன் ஊர் ஒழுங்கையிலே தோழர்களோடு சேர்ந்து ஓடினாற் போதும்.

சட்டச் சப்பாத்தைக் கழற்றிவைக்கும் வயது ஐந்து. பாடசாலையில் முதலாம் வகுப்பிற் சேரும் வயதும் அதுவே. ஐந்தாண்டுகள் இரவுதோறும் வாரை இறுக்கிப் பூட்டிய தாய், ஒரு நாட் காலையில் வெள்ளைச் சப்பாத்தின் நாடாவை முடிந்து பிள்ளையைப் பாடசாலை வாயிலில் விடுவாள். மணி அடிக்கும். பிள்ளை அவள் கையை விட்டுவிட்டு மற்றப் பிள்ளைகளோடு உள்ளே ஓடும். அப்பிள்ளையின் கால் ஒருகாலத்தில் வளைந்திருந்தது என்பது அங்கு நிற்கும் ஒருவருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும்.